பின் ஹாலின் வாட்டம்

அன்பு மகன் சாதிக்குக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். நீ போனில் கேட்டது ஒரே கேள்விதான். "அத்தா, தரை பாஸா ஃபெயிலா? ரெண்டுல ஒண்ணு சொல்லுங்க. திங்கக்கிழமை ஒடைக்க பிரேக்கர் மெஷின் வருது" என்றாய். அப்போதே ஒரு வார்த்தையில் சொல்லி வைத்திருக்கலாம். ஆனால் உன் அத்தா ஒரு வார்த்தையில் எதையும் முடித்த மனிதன் இல்லை என்பது உனக்குத் தெரியாததா? அதனால் உட்கார்ந்து எழுதுகிறேன். பக்கம் பக்கமாகப் படம் எடுத்து உன் போனுக்கு அனுப்பி வைப்பேன். கம்பெனி பஸ்ஸில் ஆடிக்கொண்டே படிக்காதே. டியூட்டி முடிந்து, குளித்து, சாப்பிட்டுவிட்டு, கதவைச் சாத்திக்கொண்டு படி.

நீ ஷார்ஜாவுக்குப் போன நாளிலிருந்து உன் மனதில் இருந்தது இந்த வீடுதான். உப்பளத்து ரோட்டோரம் மனை வாங்கினாய். களிமண் பூமி, மண் அடித்து மேடாக்க வேண்டும் என்று நான் சொன்னபோது முகம் சுளிக்காமல் அடித்தாய். கட்டுகிற பொறுப்பை ஏழுமலையிடம் கொடுத்தாய். அதிலும் எனக்குச் சந்தோஷம்தான். குப்பத்துப் பையன், உன்னோடு ஒரே பெஞ்சில் படித்தவன், நம் வீட்டு நோன்புக் கஞ்சிக்கு உன்னைவிட முன்னால் வந்து உட்காருகிறவன். இன்றைக்கு நாலு ஊரில் வீடு கட்டித் தருகிற காண்ட்ராக்டர். நீ அங்கேயிருந்து படம் கேட்பாய், அவன் இங்கேயிருந்து அனுப்புவான். அஸ்திவாரத்திலிருந்து மொட்டைமாடி வரை இரண்டு பேருக்கும் ஒரு வார்த்தை தடித்தது இல்லை. டைல்ஸ் போட்ட பிறகுதான் வினை வந்தது. அதைக் கொண்டு வந்தவர் உன் ரஹீம் மாமா.

உன் மாமாவைக் குற்றம் சொல்லி எழுதுகிறேன் என்று உன் அம்மாவிடம் சொல்லிவிடாதே. அவர் நல்ல எண்ணத்தில்தான் செய்தார். உப்பளம் குத்தகைக்கு எடுத்து நடத்துகிற மனிதர், தண்ணீரை விட்டுப் பார்த்துத்தான் பாத்தியின் மட்டத்தைச் சொல்வார். நாலு மூலையிலும் தண்ணீர் ஒரே கனத்தில் நின்றால் அது நல்ல பாத்தி. ஒரு பக்கமாக ஓடினால் உப்பு சரியாக விளையாது, பாத்தி கட்டிய ஆட்களைப் பிடித்து வாங்கு வாங்கென்று வாங்கிவிடுவார். அந்தப் பழக்கத்தில் நம் புது வீட்டுக்கு வந்தவர் பின் ஹாலில் இரண்டு பக்கெட் தண்ணீரைக் கொட்டினார். தண்ணீர் நிற்கவில்லை. பின்வாசலைப் பார்த்து ஓடி, படியில் இறங்கிப் போய்விட்டது. "தரை போச்சுடா மருமவனே, வீடு எறங்கிடுச்சு" என்று தம் குரலையும் சேர்த்து வீடியோ எடுத்து உனக்கு அனுப்பிவிட்டார். இந்தச் சுற்றுவட்டாரத்தில் பாதிப் பேர் இப்படித்தான் தரையைச் சோதிக்கிறார்கள். தண்ணீர் நின்றால் தலையாட்டுகிறார்கள், ஓடினால் உதட்டைப் பிதுக்குகிறார்கள். வீட்டுக்குள் நாம் என்ன உப்பா விளைவிக்கப் போகிறோம்?

நீயாவது ஒரு நாள் பொறுத்திருக்கலாம். வீடியோவைப் பார்த்த சூட்டில் உங்கள் பள்ளிக்கூட நண்பர்கள் குரூப்பில் வாய்ஸ் மெசேஜ் போட்டாய். அதை நானும் கேட்டேன். "கூடவே சுத்துனவன்னு நம்பி விட்டேன், தரைக்கடியில வெறும் மண்ண நெரப்பி என்னைய ஏமாத்திட்டான், திருட்டுப்பய" என்று இருந்தது. நீ அந்த வார்த்தையைச் சொல்லி நான் கேட்டதே இல்லை, மகனே. அது குரூப்போடு நிற்கவில்லை. மீன் ஏலம் போடுகிற இடத்தில் பேசினார்கள், டீக்கடையில் பேசினார்கள். இடையஞ்சாவடியில் ஏழுமலைக்கு வேலை தருவதாக வாக்குக் கொடுத்திருந்தவர் இப்போது போனையே எடுப்பதில்லையாம். கட்டுகிற தொழிலில் பேர் கெட்டால் ஆள் கெட்ட மாதிரிதான். இதெல்லாம் உனக்குத் தெரிந்திருக்காது. நீ அந்தப் பக்கம் வேலைக்குப் போய்விட்டாய், வார்த்தை இந்தப் பக்கம் தெருத்தெருவாகப் போய்க்கொண்டிருந்தது.

உன் கோபம் எனக்குப் புரியாமல் இல்லை. "இங்க டவர் கட்டும்போது லேசர் வெச்சுப் பாப்பாங்க அத்தா, ஒரு மில்லிமீட்டர் தப்புனாலும் ஒடைச்சிடுவாங்க" என்கிறாய். சரி. ஆனால் உன் அத்தா வீட்டுக்கடன் கொடுக்கிற கம்பெனிக்காகக் கட்டடத்தின் தரம் பார்க்க வீடு வீடாக ஏறி இறங்கிய ஆள். திண்டிவனத்துக்கும் கடலுக்கும் நடுவே நான் குனிந்து பார்க்காத தரை குறைவு. "இந்த மனுஷன் சொர்க்கத்துக்குப் போனாலும் மொதல்ல தரையக் குனிஞ்சு பாத்துட்டுத்தான் உள்ள போவாரு" என்று உன் அம்மா சொல்வதை நீயே கேட்டிருக்கிறாய். அந்த உரிமையில் சொல்கிறேன், தரை எவ்வளவு மட்டம் என்பது நான் கடைசியாகக் கேட்கிற கேள்வி. முதலில் கேட்பது, இது எதற்கான தரை? அடுத்தது, இது இப்படி ஆனதா, ஆக்கப்பட்டதா? ஆனது என்றால் இன்னும் ஆகிக்கொண்டிருக்கிறதா, நின்றுவிட்டதா? இதற்கெல்லாம் பதில் தெரிந்த பிறகுதான் பையிலிருந்து ரசமட்டத்தையே எடுப்பேன்.

குயிலாப்பாளையத்தில் ஒருவர் கெஸ்ட் ஹவுஸ் வாங்கினார். சென்னையிலிருந்து வந்தவர், சட்டைப் பையில் ஒரு கோலிக்குண்டோடு வந்தார். நான் போவதற்கு முன்பே அறை அறையாகக் கோலியை வைத்துப் பார்த்து முடித்துவிட்டார். எங்கேயும் உருளவில்லை. வராந்தாவில்கூட வைத்த இடத்தில் அப்படியே நின்றது. மனிதருக்குப் பெருமை தாங்கவில்லை. "பாத்தீங்களா சார், ஏர்போர்ட் மாதிரி இருக்கு" என்றார். "உள்ளே சரிங்க, வராந்தாவும் அதே மட்டத்துல இருக்குதே, மழைத்தண்ணி எந்தப் பக்கம் போகும்?" என்று கேட்டேன். "மழை எதுக்கு சார் வீட்டுக்குள்ள வருது?" என்று என்னையே திருப்பிக் கேட்டார். ஐப்பசியில் கடல்காற்று திரும்பி அடித்தபோது எதற்கு வருகிறது என்று தெரிந்துகொண்டார். கட்டில் காலெல்லாம் தண்ணீரில் நிற்கிறது என்று எனக்குப் போன் செய்தார், ஏதோ நான்தான் மழையை அனுப்பி வைத்த மாதிரி.

பிரம்மதேசத்தில் பார்த்தது நேர் எதிர். கோயில் தெருவுக்குப் பின்னால் ஒரு பழைய வீடு. ஒரு டீச்சரம்மா வாங்குவதாக இருந்தார். கூடத்தின் தரை நடுவில் தாம்பாளம் போலக் குழிந்திருந்தது. நீண்ட அலுமினியப் பட்டையைக் குறுக்கே வைத்தால் அடியில் கை நுழையும். புது டைல்ஸ் தரையில் பட்டைக்கு அடியில் மூன்று மில்லிமீட்டருக்கு மேல் வெளிச்சம் தெரிந்தாலே நான் கொத்தனாரைக் கூப்பிட்டுப் பேசுவேன். இதை என்ன சொல்வது? டீச்சரம்மா பயந்துபோய் நின்றார். வீட்டுக்காரப் பெரியவரோ கட்டிலில் சாய்ந்தபடி, "பேரப்பசங்க பந்து உருட்டுனா நடுவுல வந்து நின்னுடும் சார். கட்டிலுக்கு அடியில பூந்து தேடற வேலையே இல்ல" என்று சிரித்தார். நான் சிரிக்கவில்லை. சுவரோரம் ஓடிய விரிசலுக்குக் குறுக்கே ஒரு சின்னக் கண்ணாடித் துண்டை வைத்து, இரண்டு முனையிலும் சிமெண்டால் ஒட்டிவிட்டு வந்தேன். தரை இன்னும் இறங்கிக்கொண்டிருந்தால் விரிசல் அகலும், கண்ணாடி தெறித்துவிடும். மழைக்காலம் முழுவதும் கழிந்து போய்ப் பார்த்தேன். கண்ணாடி அப்படியே இருந்தது. இறங்க வேண்டியது அந்தப் பெரியவரின் கல்யாணத்துக்கு முன்பே இறங்கி ஓய்ந்திருக்கும். "தைரியமா வாங்குங்கம்மா" என்றேன். அந்த அம்மா இன்றைக்கும் அங்கேதான் குடியிருக்கிறார்.

இதை ஏன் இவ்வளவு இழுக்கிறேன் என்று எரிச்சல்படாதே. நம் வீட்டுக்கு வருகிறேன்.

வியாழக்கிழமை காலையில் பையை எடுத்துக்கொண்டு போனேன். உன் வீட்டைத் தகப்பனாகப் பார்க்கக் கூடாது, கம்பெனி ஆளாகப் பார்க்க வேண்டும் என்று வழியெல்லாம் எனக்கு நானே சொல்லிக்கொண்டு போனேன். ஏழுமலை முன்பே வந்து வாசலில் நின்றிருந்தான். எப்போதும் என்னைக் கண்டதும் "பாய், டீ சொல்லட்டா?" என்பவன் அன்றைக்கு அதைக்கூடக் கேட்கவில்லை. சாவியைக் கொடுத்துவிட்டு ஒதுங்கி நின்றான். முன் ஹால், மாடிப்படி, இரண்டு படுக்கை அறை, சமையல்கட்டு எல்லாம் பார்த்தேன். குறை சொல்ல ஒன்றும் இல்லை. உன் டவர்க்காரர்கள் லேசரோடு வந்தாலும் சும்மா திரும்பிப் போக வேண்டியதுதான். பிறகு பின் ஹாலுக்குப் போனேன்.

ரஹீம் மாமா சொன்னது உண்மை. உன் அம்மாவுக்கென்று நீ கட்டிய உள் அறையின் வாசலிலிருந்து பின்வாசல் வரைக்கும் தரை இரண்டு விரல்கடை இறங்கிப் போகிறது. குளியலறைக்கு அவ்வளவு வாட்டம் சரி. நாலு பேர் உட்கார்ந்து சாப்பிடப் போகிற ஹாலுக்கு அது அதிகம். அந்த நிமிஷம் உன் பக்கம்தான் சாய்ந்தேன். ஃபெயில் என்று மனதுக்குள் எழுதியும் விட்டேன்.

ஆனால் பழக்கம் விடுமா? நாணயத்தால் டைல்ஸை ஒவ்வொன்றாகத் தட்டினேன். அடியில் மண் இறங்கியிருந்தால் எங்காவது பொள்ளென்று சத்தம் கேட்க வேண்டும். எல்லாம் கெட்டியாகத்தான் கேட்டது. சுவர் மூலையில் விரிசல் இல்லை. பின் கதவு உரசவில்லை. பட்டையை எந்தப் பக்கம் வைத்தாலும் அடியில் வெளிச்சம் இல்லை. சரிகிறது, ஆனால் சீராகச் சரிகிறது. இறங்குகிற மண்ணுக்கு இவ்வளவு ஒழுங்கு தெரியாது. கடைசியில் சுவரோரம் மண்டியிட்டு, சுவரின் அடியில் பதித்த ஸ்கர்ட்டிங் டைல்ஸைப் பார்த்தேன். அதன் மேல் விளிம்பு அறை நெடுகிலும் நூல் பிடித்த மாதிரி மட்டமாக ஓடுகிறது. கீழ் விளிம்பை மட்டும் ஒவ்வொரு துண்டிலும் கொஞ்சம் கொஞ்சமாகச் சரித்து வெட்டி, சரிகிற தரையோடு பொருத்தியிருக்கிறான். தவறிப்போய் ஒருவன் அப்படி வெட்ட முடியாது. பின்வாசல் படியைத் தாண்டிப் பார்த்தால் சின்னதாக ஒரு வாய்க்கால், அது போய்ச் சேரும் இடத்தில் பலகைக்கல் மூடிய ஒரு குழி. சமையல்கட்டுத் தண்ணீர் அந்தப் பக்கம் வருவதே இல்லை. பிறகு எதற்கு அந்தக் குழி?

"ஏம்பா ஏழுமலை," என்றேன், "இது எறங்குன தரை இல்ல. நீ விட்ட வாட்டம். எதுக்கு விட்ட?"

அவன் என் முகத்தைப் பார்க்கவில்லை. "இல்ல பாய். பசங்க கவனிக்காம போட்டுட்டாங்க. என் தப்புதான். ஒடைச்சிட்டு மட்டமா போட்டுக் குடுத்துடறேன்."

"கவனிக்காம போட்டா ஸ்கர்ட்டிங் இவ்ளோ அழகா வருமா? யாருகிட்டப்பா கதை சொல்ற?"

"விடுங்க பாய். சாதிக் சொன்னா சொன்னதுதான். அவன் வூடு, அவன் இஷ்டம்."

"அவன் ஒன்ன திருடன்னு சொல்லியிருக்கான், தெரியும்ல?"

"கேட்டேன் பாய்" என்றான். சாவியை வாங்கிக்கொண்டு வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டான். செய்யாத தப்பைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு போகிறானே, எதை மறைக்கிறான் இவன் என்று புரியாமல் நான் உச்சிவெயிலில் வீடு வந்து சேர்ந்தேன்.

உன் அம்மா கொல்லைப்பக்கம் உட்கார்ந்து கானாங்கெளுத்தி ஆய்ந்துகொண்டிருந்தாள். நடந்ததைச் சொன்னேன். அவனுக்கு என்னவோ ஆகிவிட்டது, நன்றாக வேலை தெரிந்தவன் வேண்டுமென்றே தரையைச் சரித்துவிட்டு வாயை மூடிக்கொண்டு நிற்கிறான், திங்கட்கிழமை மெஷின் வந்து எல்லாவற்றையும் உடைக்கப் போகிறது என்றேன். அவள் கை நின்றுவிட்டது.

"எந்த ஹாலு?"

"பின் ஹாலுதான். ஒன் ரூமுக்கு வெளியில."

அவள் மீன் சட்டியைத் தட்டுப் போட்டு மூடினாள். கையைக் கழுவி, முந்தானையில் துடைத்துக்கொண்டு என் எதிரில் வந்து உட்கார்ந்தாள். "அத ஒடைக்க வேணாம்" என்றாள். "நான்தான் அப்பிடிப் போடச் சொன்னேன்."

மகனே, இனி எழுதுவதை நிதானமாகப் படி. உன் பெரியம்மா சென்னையில் வஃபாத்தாகி நம்மை விட்டுப் போனபோது நீ இங்கே இல்லை. டிக்கெட் கிடைக்கவில்லை, போனில் அழுதாய். நாங்கள் போனோம். மூன்றாவது மாடியில் ஃபிளாட், குளியலறையில் ஒரு ஆள் திரும்பவே இடம் கிடையாது. பெரியம்மாவின் மய்யித்தை ஹாலில்தான் பலகை போட்டுக் குளிப்பாட்டினார்கள். ஆண்கள் நாங்கள் எல்லோரும் கீழே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தோம், உள்ளே நடந்தது எதுவும் எனக்குத் தெரியாது. இப்போதுதான் உன் அம்மா சொல்கிறாள். அது பளபளவென்று மட்டமான தரையாம். ஊற்றிய தண்ணீர் போக வழியில்லாமல் ஹால் முழுக்கப் பரவியதாம். பிரிட்ஜுக்கு அடியில், சோபாவுக்கு அடியில், பக்கத்து அறையில் குழந்தைகள் உட்கார்ந்திருந்த பாய் வரைக்கும். மய்யித்துக் குளிப்பாட்டிய தண்ணீரைக் காலில் மிதிக்கக் கூடாது என்று நம் பக்கத்தில் ஒரு பழக்கம் உண்டு அல்லவா, அங்கே வந்த பெண்கள் அத்தனை பேரும் அதில்தான் நின்றார்களாம். போர்வையைச் சுருட்டி அணை கட்டியும் நிற்கவில்லையாம்.

"எங்கக்கா போட்டிருந்த நைட்டியாலயே நான் அந்தத் தண்ணிய தொடைச்சேங்க" என்றாள். "கடைசியா அவ மூஞ்சிய நல்லாப் பாக்கக்கூட முடியல. குனிஞ்சு தொடைச்சிக்கிட்டே இருந்தேன். எனக்கு அப்பிடி வேணாம். புது வூட்டுக் கொல்லையில திரை கட்டிக் குளிப்பாட்டுனா சுத்தி எல்லாம் மாடி வூடு, மேலேர்ந்து பாப்பாங்க. அதான் டைல்ஸ் போடற அன்னிக்குப் போயி ஏழுமலைகிட்ட சொன்னேன். என் ரூம் வாசல்லேர்ந்து பின்வாசலுக்கு வாட்டம் குடுடா, தண்ணி தானா மண்ணுக்குப் போயிடணும், யாரு காலும் படக்கூடாதுன்னு."

எனக்குக் கோபம்தான் முதலில் வந்தது. இவ்வளவு வருஷம் தரை பார்த்தே பிழைத்தவன் பக்கத்தில் இருக்கிறேன், என்னிடம் சொல்லாமல் அந்தப் பையனிடம் போய்ச் சொல்வாளா? கேட்டேன். "ஒங்ககிட்ட சொன்னா வேலையாளுங்க முன்னாடி நின்னு அழுவீங்க" என்றாள். "யாரு முந்துவாங்கன்னு ஒனக்குத் தெரியுமா?" என்றேன். "நீங்க முந்துனாலும் அதே ஹாலுதான்" என்று சொல்லிவிட்டு மீனை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். அவளுக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை, நீ பதறாதே. சர்க்கரை கொஞ்சம் ஏறியிருக்கிறது, அவ்வளவுதான். அவளுக்கு எதையும் முன்கூட்டியே எடுத்து வைத்துவிட வேண்டும். பெருநாளுக்குச் சேமியாவை ஒரு மாதம் முன்னதாகவே வாங்கி வைக்கிறவள் இல்லையா? அன்றைக்கு நான் சாப்பிடவில்லை. வாசலில் போய் உட்கார்ந்து அழுதேன். அவள் சொன்னது சரியாகப் போயிற்று.

சாயங்காலம் குப்பத்துக்குப் போனேன். ஏழுமலை அவன் வீட்டு வாசலில் அண்ணனுடைய வலைக்கு முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்தான். வேறு வேலை எதுவும் கையில் இல்லை போலிருக்கிறது, பார்க்கவே எனக்குச் சங்கடமாக இருந்தது. பக்கத்தில் மணலில் உட்கார்ந்தேன். "சாதிக் அம்மா எல்லாத்தையும் சொல்லிட்டாங்கப்பா" என்றேன். அவன் வலையைக் கீழே வைத்துவிட்டான்.

"மொதல்ல நான் மாட்டேன்னுதான் பாய் சொன்னேன். அந்தப் பேச்சே வேணாம்மான்னேன். அம்மா வுடல. சாதிக்குக்குத் தெரியக்கூடாது, தூரத்துல இருக்கறவன் மனசொடிஞ்சி போயிடுவான்னாங்க. சரின்னு ஒத்துக்கிட்டேன்."

"அவன் திட்டும்போதாவது சொல்லியிருக்கலாமே?"

"எந்த வாயால பாய் சொல்லுவேன்? ஒங்கம்மா சாவுக்குத்தான்டா வாட்டம் வுட்டிருக்கேன்னு போன்ல சொல்லச் சொல்றீங்களா? அவன் அங்க தனியா கெடக்கறான். திட்டிட்டுப் போறான், வுடுங்க."

நான் எத்தனையோ காண்ட்ராக்டர்களைப் பார்த்திருக்கிறேன். கம்பி குறைத்தவன், சிமெண்டு குறைத்தவன், மாட்டிக்கொண்டால் மழை மீதும் மண் மீதும் பழி போடுகிறவன். தன் பேர் தெருவில் நாறும்போதும் ஒரு தாய் கேட்டுக்கொண்டதற்காக வாயை மூடிக்கொண்டிருந்த ஒருவனை இப்போதுதான் பார்த்தேன். அவன் தோளைத் தட்டிக் கொடுத்துவிட்டு எழுந்து வந்தேன்.

உனக்கு அறிவுரை சொல்ல எனக்கு ஆசைதான், எந்தத் தகப்பனுக்கு இல்லை? ஆனால் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். நீ தரையைப் பார்த்தது தப்பில்லை. உன் உழைப்பு, நீ பார்க்க வேண்டியதுதான். மாமாவின் வீடியோவில் தண்ணீர் ஓடியதும் உண்மைதான். அதைப் பார்த்ததும் "ஏன்டா இப்படி?" என்று அவனிடம் ஒரு கேள்வி கேட்டுவிட்டு, பதில் வரும் வரை பொறுத்திருந்தால் போதும். சரிந்திருப்பதைக் கண்டதும் கெட்டுவிட்டது என்று எழுதிவிடுகிற அவசரம் தரை பார்க்கிற வேலைக்கும் ஆகாது, மனிதர்களோடு வாழ்வதற்கும் ஆகாது. நாளைக்கு உனக்குக் கல்யாணம் ஆகும், பிள்ளைகள் வருவார்கள். அப்போது ஒவ்வொரு நாளும் உன் கண்ணுக்கு ஏதாவது ஒன்று கோணலாகத்தான் தெரியும். உடனே மெஷினைக் கூப்பிட்டுவிடாதே.

இனி நீ செய்ய வேண்டியது. குரூப்பில் சொன்ன வார்த்தையைக் குரூப்பிலேயே திருப்பி எடு. அவனிடம் தனியாக மன்னிப்புக் கேட்டுக் கழித்துவிடலாம் என்று நினைக்காதே, திட்டியது நாலு பேர் கேட்கத்தானே? அம்மா சொன்ன காரணம் எதுவும் அங்கே வர வேண்டாம். தரை நாங்கள் கேட்டபடிதான் போடப்பட்டிருக்கிறது, தெரியாமல் பேசிவிட்டேன், தப்பு என்னுடையது என்று சொன்னால் போதும். இடையஞ்சாவடிக்காரரை நானே போய்ப் பார்க்கிறேன். ரஹீம் மாமாவையும் என்னிடம் விட்டுவிடு. தங்கை வீட்டுத் தரையில் தண்ணீர் கொட்டியதற்கு அவர் அந்த வீட்டு முதல் விருந்தின் பிரியாணிச் செலவை ஏற்றுக்கொள்ளட்டும்.

இவ்வளவும் எழுதி உன் அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். மகனிடம் சொல்ல வேண்டாம் என்று தடுப்பாள் என நினைத்தேன். தடுக்கவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தபடி கேட்டுக்கொண்டிருந்தாள். வேறு ஏதாவது சேர்க்க வேண்டுமா என்று கேட்டேன். அவள் சொன்னதை ஒரு எழுத்து மாற்றாமல் கீழே எழுதுகிறேன்.

"அன்னிக்கு அவன் பிளைட்டு புடிச்சி வர்றதுக்குள்ள நேரமாயிடும். அவனுக்காக என்னைய ரொம்ப நேரம் போட்டு வெக்காதீங்க. தண்ணி எடுத்து வாசல் வரைக்கும் கொண்டாந்து குடுக்க ஏழுமலை இருக்கான், அவன்கிட்ட சொல்லிட்டேன். சாதிக் வந்து எறங்குனதும் மொதல்ல அவனத்தான் கட்டிப் புடிச்சி அழுவணும். அதுக்கு ரெண்டு பேரும் இப்பவே பேசிக்கிட்டு இருக்கணும்."

தரை பாஸ். மெஷின்காரரிடம் திங்கட்கிழமை வர வேண்டாம் என்று நானே சொல்லிவிட்டேன். ஏழுமலைக்கு நீ போன் செய்.

துஆவுடன்,
உன் அத்தா